இரண்டு முள்ளும் நான்கு நிமிடமும்

போன மாதம் பினாங்கில், பாயான் பாருவில் ஒரு கடையில் தே தாரேக், அதாவது நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் இரண்டு இளைஞர்கள். சட்டையைப் பார்த்தால் பத்து காவான் என்ற ஊரில் விமான உதிரிப்பாகம் செய்யும் ஏதோ ஒரு தொழிற்சாலை. இருவருக்கும் ஒரே கைப்பேசியை வைத்துக்கொண்டு எந்தப் போர் விமானம் வேகம் என்று பெரிய சண்டை.

"மிக் இருபத்தஞ்சு தான்டா பவர். இன்டர்செப்டர்னா அதான்."

"போடா, எஸ்.ஆர். எழுபத்தொண்ணு பக்கத்துல அது நிக்கவே நிக்காதுலா. டேபிள்ல பாரு, பாயிண்ட்டுக்கு அப்பறம் ரெண்டு நம்பர் போட்டிருக்கான்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. இருபத்திரண்டு வருடம் விமானப் படையில் கருவிப் பிரிவில் இருந்தவன். வேகமானி, உயரமானி இவைதான் எனக்குச் சோறு போட்டவை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

"தம்பி, ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க. ஒண்ணு வெரட்டிப் புடிக்கிறது. சட்டுனு ஏறணும், கொஞ்ச நேரம் பாயணும், அடிச்சிட்டு எறங்கணும். இன்னொண்ணு வேவு பார்க்கிறது. அதே வேகத்துல ஓடிக்கிட்டே இருக்கணும். ஒலியோட வேகத்துல மூணு மடங்க தொட்டா மிக்கோட இன்ஜின் வீணாப் போயிரும்னு சொல்வாங்க. மத்தது அந்த வேகத்துலயே நாடு தாண்டி நாடு போகும்."

பையன்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். நானும் குஷியாகிவிட்டேன். உங்கள் வேலை என்ன என்று விசாரித்தேன். காற்றழுத்தக் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று சோதிக்கும் பிரிவாம். அடடா, நம் ஆட்கள்! எப்படிச் சோதிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இப்பல்லாம் ஈசி அங்கிள். பெட்டியில மாட்டுனா பச்ச லைட் வரும். எப்பவும் பச்சதான். அவசரம்னா சைன் பண்ணிட்டு அப்பறமா மாட்டுவோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் இருந்த தே பாதி மேசையில். "டேய், என்னடா சொல்றீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் ரொட்டிக்கு மாவு வீசிக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். பையன்கள் பயந்துபோய் எழுந்துவிட்டார்கள். அவர்களைத் திட்ட எனக்கு என்ன தகுதி என்று வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. அதே வாரத்தில் எங்கள் ஓய்வுபெற்றோர் குழுவில் ஒரு நினைவு மலர் போடுகிறார்கள் என்று தகவல் வந்தது. "சிவா, நீ கேப்டன காப்பாத்துன கதைய எழுதிக் குடு" என்றார்கள்.

அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். ஆனால் நீங்கள் கேள்விப்பட்ட மாதிரி அல்ல.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பினாங்குப் பையன், படிப்பு சுமார், கை சுத்தம் என்று எடுத்துக்கொண்டார்கள். திருகாணி திருகியும் திட்டு வாங்கியும் இரண்டு வருடம் ஓடிவிட்டது. பிறகு ஒரு விமானத் தளத்தில் போட்டார்கள். எந்தத் தளம், எந்த விமானம் என்று சொல்லப் போவதில்லை. அங்கே உடம்பு ஒன்றாகவும் மூக்கு மட்டும் வேறாகவும் இரண்டு வகை விமானங்கள் இருந்தன. ஒன்றின் மூக்கில் பீரங்கி. அது இடைமறிப்பு விமானம். மற்றதன் மூக்கில் படமெடுக்கும் கேமராக்கள். அது வேவு விமானம். நான் கேமரா மூக்கின் ஆள்.

இரண்டு கூட்டத்துக்கும் எப்போதும் வாய்ச்சண்டைதான். ஒரே இன்ஜின், ஒரே இறக்கை, ஆனாலும் எது வேகம் என்று தினமும் தகராறு. "உங்க வண்டி ஃபோட்டோ ஸ்டூடியோடா" என்று அவர்கள் கிண்டலடிப்பார்கள். "உங்க வண்டி கனம், ஓடாது" என்று நாங்கள்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் வாரண்ட் ஆபீசர் காதர். ஜார்ஜ்டவுன்காரர், தமிழ் முஸ்லிம். படையின் வழக்கப்படி, மலாயில் ஐயா என்ற பொருளில், "துவான்" என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். கழுத்தில் ஒரு நிறுத்துக் கடிகாரம் எப்போதும் தொங்கும். நாம் வேலையை முடித்துக் கையெழுத்துப் போட்ட வேலை அட்டையை நீட்டினால் அட்டையைப் பார்க்க மாட்டார், நம் முகத்தைப் பார்ப்பார். "பார்த்தியா, இல்ல நெனச்சியா?" என்பார். அவ்வளவுதான் கேள்வி. பார்த்தவன் பார்த்தேன் என்பான். நினைத்தவன் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பப் போவான். பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டாவது கையெழுத்தைப் போட்டுவிடுவார்.

இப்போது வேகமானி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். விமானத்தின் மூக்கு நுனியில் ஒரு நீளமான குழாய் இருக்கும். முன்னால் மோதும் காற்றின் அழுத்தத்தை ஒரு துளை வாங்கும். சுற்றிலும் சும்மா இருக்கும் காற்றின் அழுத்தத்தைப் பக்கத்துத் துளைகள் வாங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வேகம். அந்தப் பக்கத்துத் துளையின் குழாய் உள்ளே எங்காவது கசிந்தால் கணக்கு தப்பிவிடும். எங்கள் கேமரா மூக்கின் உள்ளே, பறக்கும்போது அழுத்தம் குறைந்துவிடும். அங்கே கசிந்தால் முள் உண்மையைவிட அதிக வேகம் காட்டும். விமானி வேகமாகத்தான் போகிறோம் என்று நினைப்பார், நிஜத்தில் மெதுவாகப் போய்க்கொண்டிருப்பார். மேலே இருக்கும்போது அது பெரிய விஷயமில்லை. இறங்கும்போது அந்த வித்தியாசம் ஆளைக் கொன்றுவிடும், ஏனென்றால் ஓர் அளவுக்குக் கீழே வேகம் போனால் விமானம் மிதக்காது, கல்லாக விழும்.

படச்சுருளை மாற்ற ஒவ்வொரு முறையும் கேமரா மூக்கைத் திறந்தாக வேண்டும். மூடியபின் குழாயில் கசிவுச் சோதனை செய்ய வேண்டும். கைப்பம்பு வைத்த ஒரு பெட்டியைக் குழாய் நுனியில் மாட்டிக் காற்றை உறிஞ்சுவோம். தரையில் நிற்கிற விமானத்தின் உயரமானி பல ஆயிரம் அடி ஏறிவிட்டதாகக் காட்டும். வால்வை மூடிவிட்டு ஒரு நிமிடம் முள்ளையே பார்க்க வேண்டும். முள் நின்றால் நல்லது, இறங்கினால் கசிவு. வேலை இவ்வளவுதான். ஆனால் மூக்கை மூடியபின் கசிவு தெரிந்தால் திரும்பத் திறந்து, இணைப்பைத் தேடி, மறுபடி மூடி, மறுபடி சோதித்து என்று அரை நாள் போய்விடும். அதனால் நாங்கள் ஒரு குறுக்குவழி வைத்திருந்தோம். மூக்கு திறந்திருக்கும்போதே சோதனையை முடித்துவிடுவோம். பிறகு மூடிவிட்டு, மூடியபின் சோதித்ததாகக் கையெழுத்துப் போடுவோம். எல்லாரும் செய்ததுதான். ஒரு நாளும் ஒன்றும் ஆகவில்லை, அதனால் தைரியம் வேறு.

அன்று காலையும் அப்படித்தான் செய்தேன். அட்டையை நீட்டினேன்.

"மூடிட்டுப் பார்த்தியா?" என்றார் துவான் காதர்.

"பார்த்தேன் துவான்."

கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அன்று ஒப்பிடும் பறப்பு. எது வேகம் என்ற சண்டையை ஒரு வழியாக முடித்துவிடலாம் என்று பெரிய அதிகாரி ஒருவரே ஏற்பாடு செய்தார். இரண்டு விமானமும் ஒரே உயரத்தில் தனித்தனியாக முழு வேகத்தில் ஓடும். கடைசியில் இறக்கையோடு இறக்கை ஒட்டிப் பறந்து ஒரு தடவை வேகத்தைச் சொல்வார்கள். ஒருவர் சொல்வதைக் கேட்டு மற்றவர் எண்ணைக் கூட்டிச் சொல்லிவிடக் கூடாதே! அதற்காக இரண்டு பேருக்கும் வேறு வேறு அலைவரிசை, கீழே எங்கள் அறையில் இரண்டு ஒலிபெருக்கி. கரும்பலகையில் இரண்டு பத்தி, பக்கத்தில் சுவர்க் கடிகாரம். எழுதுகிற ஆள் நான். மேலே பறக்கிற இரண்டு பேருக்கும் மற்றவரின் எண் தெரியாது. சுண்ணக்கட்டி பிடித்த எனக்குத்தான் இரண்டும் தெரியும்.

எங்கள் விமானத்தை ஓட்டியவர் எங்கள் கேப்டன். நல்ல மனிதர், நம் ஆள். மூக்கைத் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் ஏறுவார். அவர் பெயரைக் கடைசியில் சொல்கிறேன், அதற்குக் காரணம் இருக்கிறது.

முதல் ஓட்டத்தில் எங்கள் எண் அதிகம். கேமராக் கூட்டம் எகிறிக் குதித்தது. இரண்டாவது ஓட்டத்திலும் அதிகம். "என்னா பிரதர், பீரங்கி ரொம்ப கனமா?" என்று நான் போட்ட ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. எதிர்க் கூட்டத்தின் முகம் தொங்கிவிட்டது. கசிவு என்ற நினைப்பே எனக்கு வரவில்லை, சத்தியமாக வரவில்லை.

பிறகு இறக்கையோடு இறக்கை சேர்ந்து பறந்தார்கள். இரண்டு ஒலிபெருக்கியிலும் அடுத்தடுத்து எண் வந்தது. நேரத்தையும் சேர்த்து எழுதினேன். எங்கள் எண் அப்போதும் இருபத்தைந்து அதிகம்.

கூட்டம் மறுபடியும் கைதட்டியது. நான் மட்டும் அந்த இரண்டு எண்ணையும் மறுபடி படித்தேன். பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிப் பறக்கிற இரண்டு விமானத்துக்கு எப்படி இரண்டு வேகம் இருக்கும்? இரண்டு முள்ளில் ஒன்று பொய் சொல்கிறது. எது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. காலையில் மூக்கை மூடும்போது கடைசியில் கொஞ்சம் இறுக்கமாக இருந்ததும், தோளால் முட்டி மூடியதும் ஞாபகத்துக்கு வந்தது.

துவான் காதரின் அறை அந்த இடத்திலிருந்து இருபது அடி. அவர் மேசையில் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு நேர்த் தொலைபேசி. நான் அங்கே ஓடவில்லை.

எதிர்த் திசையில், வேலை அட்டைகள் வைக்கும் பெட்டிக்குப் போனேன். அந்த விமானத்தின் அட்டையைத் தேடினேன். யார் கையெழுத்து என்று எனக்குத் தெரியாதா? நான்தானே போட்டேன்! இருந்தாலும் தேடினேன். ஒருவேளை வேறு யாராவது மூடியபின் இன்னொரு தடவை சோதித்திருக்கக் கூடாதா, வேறு பெயர் இருக்கக் கூடாதா என்று ஒரு கேடுகெட்ட ஆசை. அட்டையில் என் பெயர்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கிழித்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். அந்த நேரத்தில் இடைமறிப்பு விமானம் எங்கள் கேப்டனை விட்டுப் பிரிந்து தன் வழியில் போய்விட்டது. கேப்டன் தனியாகத் தளத்துக்குத் திரும்பி, சக்கரத்தை இறக்கிவிட்டார். ஒலிபெருக்கியில் அது கேட்டபோதுதான் எனக்குக் கால் வந்தது.

"துவான்! முள் பொய் சொல்லுது துவான்! மூடிட்டு நான் பார்க்கல!"

அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. தொலைபேசியை எடுத்தார். "வேகமானிய நம்ப வேணாம்னு சொல்லுங்க. பவர் போட்டு மேல ஏறச் சொல்லுங்க. இன்னொரு வண்டியத் திருப்பிக் கூப்பிடுங்க, அதுகூட ஒட்டி எறங்கட்டும்." மலாயில் இதை ஒரு மூச்சில் சொல்லி முடித்தார். குரல் அப்போதும் உயரவில்லை.

எல்லாரும் ஓடுபாதைப் பக்கம் ஓடினார்கள். எங்கள் விமானம் தாழ்வாக, மூக்கைத் தூக்கிக்கொண்டு, இறக்கை இரண்டு பக்கமும் ஆட வந்துகொண்டிருந்தது. பிறகு இன்ஜின் இரைந்தது. ஐயோ, அது மேலே ஏற எடுத்துக்கொண்ட நேரம்! நான் கும்பிடாத சாமி இல்லை. போன விமானம் திரும்பி வந்து பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. இருவரையும் ஒரே அலைவரிசைக்கு மாற்றினார்கள். அதன் விமானி தன் முள்ளைப் பார்த்து வேகத்தைச் சொல்லச் சொல்ல, கேப்டன் அதை நம்பி இறங்கினார். யார் வேகம் என்று காலை முழுக்க அடித்துக்கொண்ட இரண்டு வண்டியும் ஜோடியாக வந்தன. சக்கரம் தரையைத் தொட்டதும் பீரங்கிக் கூட்டத்தில் ஒருவன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் நான் செய்தது இன்னொன்று. அறைக்குத் திரும்பிப் போய்க் கரும்பலகையைத் துடைத்துவிட்டேன். துடைப்பதற்கு முன் நான் எழுதியிருந்த நேரத்தைப் பார்த்தேன். இறக்கையோடு இறக்கை எண் வந்த நேரத்துக்கும், துவான் தொலைபேசியை எடுத்தபோது அவர் அறைக் கடிகாரத்தில் நான் பார்த்த நேரத்துக்கும் நடுவில் நான்கு நிமிடம்.

மூக்கை மூடியபடியே சோதித்துப் பார்த்தார்கள். முள் நிற்கவே இல்லை, மடமடவென்று இறங்கிவிட்டது. மூடும்போது குழாய் இழுபட்டு ஓர் இணைப்பு தளர்ந்திருந்தது. விசாரணையில் சோதனை விஷயத்தை நான் ஒப்புக்கொண்டேன். துவான் காதர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வித்தியாசத்த எப்ப பார்த்தே?"

"பார்த்ததும் ஓடி வந்துட்டேன் துவான்."

அதை அப்படியே அறிக்கையில் எழுதினார். தவறு செய்தாலும் பார்த்த உடனே, தனக்கு என்ன ஆகும் என்று யோசிக்காமல் வந்து சொன்னவன் என்று எழுதினார். அதனால் எனக்குச் சின்னத் தண்டனையோடு போயிற்று. இரண்டாவது கையெழுத்துப் போட்டவர் என்று அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு நின்றது. அதே பதவியில் ஓய்வு பெற்றார். இப்போது அவர் இல்லை. அவர் ஜனாசா அடக்கத்துக்கு நான் போயிருந்தேன், அங்கேயும் யாரிடமும் உண்மையைச் சொல்லாமல் திரும்பி வந்தேன்.

கேப்டன் பிறகு பயணிகள் விமானம் ஓட்டி, ஓய்வு பெற்று, ஜார்ஜ்டவுனில் இருக்கிறார். ஒவ்வொரு தீபாவளிக்கும் பலகாரத்தோடு என் வீட்டுக்கு வருவார். மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்து, "இந்த அங்கிள் இல்லன்னா நானே இல்ல" என்பார். முப்பது வருடத்துக்கு மேலாக அந்த முறுக்கு என் தொண்டையில் இறங்கியதில்லை.

மலருக்கு எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கேப்டனை ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு வரச்சொன்னேன். மதிய நேரம், நல்ல கூட்டம். சோறு வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"சார், அன்னைக்கு நான் உடனே ஓடல."

"என்னா சொல்ற?"

எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, அட்டை, பலகையைத் துடைத்தது வரை.

"எத்தன நிமிஷம்?"

"நாலு."

அவர் இரண்டு கையையும் மேசைக்கு மேல் தூக்கி, உள்ளங்கையைக் கவிழ்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். விமானிகள் பேசும்போது அப்படித்தான் பேசுவார்கள். "அவன் இங்கதான இருந்தான், என் பக்கத்துலயே. அப்பவே சொல்லியிருந்தா அப்படியே ஒட்டிக்கிட்டு எறங்கியிருப்பேன்." ஒரு கை தள்ளிப் போனது. மற்ற கை தனியாக, மெதுவாக மேசையை நோக்கி இறங்கியது. "ரேடியோவுல அந்தத் தகவல் வந்தப்ப நான் உக்காந்திருந்த சீட்டே ஆட ஆரம்பிச்சிருச்சு, விழப்போற ஆட்டம், தெரியுமா? ஏன்டா இவ்ளோ லேட்டா சொன்னாங்கன்னு நான் எத்தன வருஷம் யோசிச்சிருக்கேன்! வீட்ல அப்ப ஏழு மாசம்."

அந்த ஏழு மாதம்தான் தீபாவளிக்கு என் காலைத் தொட்டுக் கும்பிடும் அந்த மகள்.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு" என்றார். "பெட்டி பக்கம் போன சரி. அந்த சைன் வேற ஒருத்தனோடதுன்னு உனக்கு மொதல்லயே தெரிஞ்சிருந்தா?"

தெரியவில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். துவான் காதரிடம் சொன்ன இரண்டு பொய் போதும் என்று தோன்றியது.

"நேரா துவான்கிட்ட ஓடியிருப்பேன் சார்."

அவர் எழுந்தார். கை கொடுக்கவில்லை. வந்த சோறு அப்படியே ஆறிக்கிடந்தது. சாலையைக் கடந்து போகும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவர் திரும்பவில்லை.

மூன்று நாள் கழித்துக் கைப்பேசியில் ஒரு செய்தி. "எழுது. அந்த நாலு நிமிஷத்தையும் சேர்த்து எழுது. அத விட்டுட்டு எழுதுனா என் பேர போடாத."

சேர்த்து எழுதிவிட்டேன். இந்தத் தீபாவளிக்கு அவர் வருவாரா என்று எனக்குத் தெரியாது. பாயான் பாரு கடையில் நான் கத்தி விரட்டிய அந்த இரண்டு தம்பிகளும் இதைப் படிக்க வேண்டும் என்று ஆசை. அன்று ஆபத்தில் பறந்த கேப்டனின் பெயர் குணாளன்.